ஐபி முகவரிக்குள் இருக்கும் இரும எண்: நெட்வொர்க், எண் முறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண் முறைகள் ஒரு பாடம், நெட்வொர்க் இன்னொரு பாடம் என்று பிரித்துப் படிப்பதுதான் வழக்கம். முதல் பாடத்தில் 1-களையும் 0-களையும் மாற்றி மாற்றி எழுதிப் பழகுகிறோம், எதற்கென்று தெரிவதில்லை. இரண்டாவது பாடத்தில் 255, 65,535 என்று எண்கள் வருகின்றன, எங்கிருந்து வந்தன என்று தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இங்கே கேள்விகளைக் கலந்தே வைத்திருக்கிறேன்.

கணினிக்கு ஏன் 0, 1 இரண்டு மட்டும்? பத்து இலக்கங்களில் கணக்குப் போட முடியாதா?

முடியும். போட்டும் இருக்கிறது. 1945இல் கட்டி முடிக்கப்பட்ட எனியாக் என்ற கணினி பதின்ம முறையில்தான் கணக்கிட்டது. ஒரே ஓர் இலக்கத்தை நினைவில் வைக்க அதற்குப் பத்து நிலைகள் கொண்ட ஒரு சுற்று தேவைப்பட்டது. அதே வேலைக்கு இரும முறையில் நான்கு பிட் (0 அல்லது 1 நிற்கும் இடம்) போதும்.

சிக்கனம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் நம்பகம். கம்பியில் ஓடும் மின்னழுத்தம் எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தைப் பத்து படிகளாகப் பிரித்தால், சிறிய ஆட்டமே 6-ஐ 7 ஆக்கிவிடும். இரண்டே படிகள் என்றால், பாதிக்கு மேல் இருந்தால் 1, கீழே இருந்தால் 0. பெரும் இரைச்சலிலும் தவறு நேர்வது அரிது.

இரும எண்கள் கணினிக்காகப் பிறந்தவை அல்ல. ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1703லேயே அவற்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். மின்சுற்றில் உள்ள சுவிட்சுகளின் திறப்பையும் மூடலையும் தர்க்கத்தின் உண்மை, பொய்யோடு இணைத்துக் காட்டியவர் கிளாட் ஷானன். 1937இல் முதுகலைப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு அது.

ஓர் இரும எண்ணைப் பார்த்தவுடன் படிப்பது எப்படி?

இடமதிப்பு புரிந்தால் போதும். பழைய தமிழ் எண் குறியீட்டில் 2,345 என்பதை ௨௲௩௱௪௰௫ என்று எழுதினார்கள். இரண்டு ஆயிரம், மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து. ஆயிரம், நூறு, பத்து என்ற மதிப்புகளுக்குத் தனிக் குறிகள் வெளிப்படையாகவே நின்றன. இன்றைய முறையில் அந்தக் குறிகள் மறைந்துவிட்டன. இலக்கம் நிற்கும் இடமே மதிப்பைச் சொல்லிவிடுகிறது.

இரும எண்ணிலும் இதே கதைதான். இடங்களின் மதிப்பு பத்துப் பத்தாகப் பெருகாமல் இரண்டிரண்டாகப் பெருகும், அவ்வளவுதான் வேறுபாடு. எட்டு பிட்டுக்கு இடமிருந்து வலமாக: 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எங்கே 1 இருக்கிறதோ அந்த மதிப்பை எடுத்துக் கூட்டுங்கள். 10101000 என்றால் 128 + 32 + 8, அதாவது 168. எட்டும் 1 ஆனால் 255. இந்த எட்டு மதிப்புகளை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்குகளில் பெரும்பகுதி இவற்றை வைத்தே முடிந்துவிடும்.

பதின்ம எண்ணை இரும எண்ணாக மாற்ற இரண்டால் வகுத்துக்கொண்டே போக வேண்டுமா?

அது சரியான வழி. 77-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் 1001101 கிடைக்கும். ஆனால் 255-க்கு உட்பட்ட எண்களுக்குக் கழித்தல் முறைதான் வேகமானது என்பேன். 77-இல் 128 அடங்காது: 0. 64 அடங்கும்: 1, மீதி 13. 32, 16 அடங்காது: 0, 0. 8 அடங்கும்: 1, மீதி 5. 4 அடங்கும்: 1, மீதி 1. 2 அடங்காது: 0. கடைசியில் 1. ஆக 01001101. இந்த 77 கீழே இன்னொரு முறை வரும்.

பிட், பைட் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஒரு பைட் என்பது எட்டு பிட். நெட்வொர்க் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் ஒரு கோப்பு அதிகபட்சம் நொடிக்கு 12.5 மெகாபைட் வேகத்தில்தான் இறங்கும். தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது, ஒவ்வொன்றின் தலைப்புத் தகவலும் அதே பாதையில்தான் போவதால், நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். இணைப்பில் கோளாறு என்று முடிவு கட்டும் முன் எட்டால் வகுத்துப் பாருங்கள்.

500 ஜிகாபைட் வட்டு வாங்கினால் கணினி 465 என்று காட்டுகிறது. மீதி எங்கே?

எங்கும் போகவில்லை. தயாரிப்பவர் ஜிகா என்பதை நூறு கோடி என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் அதையே 1024-ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. அது 107 கோடியே 37 லட்சத்துக்கும் மேல். 500 × நூறு கோடியை அந்தப் பெரிய அலகால் வகுத்தால் 465 சொச்சம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998இல் 1024-இன் அடுக்குகளுக்கென்றே கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்ற பெயர்கள் வகுக்கப்பட்டன. பேச்சு வழக்கில் அவை இன்னும் இடம் பிடிக்கவில்லை.

பதினறும எண் முறை எதற்கு? இரும எண் போதாதா?

கணினிக்குப் போதும். நம் கண்ணுக்குத்தான் போதாது. 48 பிட்டுகளை 1, 0 என்று வரிசையாக எழுதினால் யாராலும் பிழையில்லாமல் படிக்க முடியாது. 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு என்பதால், சரியாக நான்கு பிட்டுக்கு ஒரு பதினறும இலக்கம் பொருந்துகிறது. 0 முதல் 9 வரை வழக்கமான இலக்கங்கள். 10 முதல் 15 வரை ஆறு ஆங்கில எழுத்துகள்: ஏ, பி, சி, டி, இ, எஃப். 1111 என்றால் எஃப். எட்டும் 1 ஆன பைட் என்றால் எஃப்எஃப். எந்தப் பெருக்கலும் வகுத்தலும் வேண்டாம். நான்கு நான்காக வெட்டி மாற்றிக்கொண்டே போகலாம். பதின்ம எண்ணுக்கு இந்த வசதி கிடையாது, ஏனென்றால் 10 என்பது 2-இன் அடுக்கு அல்ல.

எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்ம முறையை இன்று அதிகம் பார்ப்பது யுனிக்ஸ், லினக்ஸ் கோப்பு அனுமதிகளில். படிக்க 4, எழுத 2, இயக்க 1. 7 என்றால் மூன்றும், 5 என்றால் படிக்கவும் இயக்கவும் மட்டும். 755 என்று எழுதும்போது மூன்று மூன்று பிட்டாக ஒன்பது பிட்டுகளை எழுதுகிறோம்.

0.1 + 0.2 கணக்குக்கு நிரல் 0.30000000000000004 என்று விடை தருகிறது. இது பிழையா?

பிழை இல்லை. இதை விளக்கத் தமிழ்ப் பின்னப் பெயர்களைவிட நல்ல கருவி இல்லை என்று நினைக்கிறேன். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். அதாவது 1/2, 1/4, 1/8, 1/16, 1/32. ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. இரும எண்ணில் புள்ளிக்கு வலப்பக்கம் உள்ள இடங்களின் மதிப்பும் இதே வரிசைதான். முக்கால் என்பது அரையும் காலும்: 0.11. அரையும் அரைக்காலும் சேர்ந்தால் 0.101, பதின்மத்தில் 0.625.

இப்போது பத்தில் ஒரு பங்கை இந்தப் பெயர்களை மட்டும் வைத்துச் சொல்லிப் பாருங்கள். வீசமும் அரைவீசமும் சேர்ந்தால் 0.09375, கொஞ்சம் குறைகிறது. இன்னும் சிறிய துண்டு சேர்த்தால் 0.09765625, இன்னும் குறைகிறது. எவ்வளவு சேர்த்தாலும் 0.1-ஐத் தொடாது. பதின்மத்தில் மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று முடியாமல் நீள்வது போல, இருமத்தில் பத்தில் ஒரு பங்கு 0.000110011 என்று முடியாமல் நீள்கிறது. கணினி எங்காவது ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வெட்டின் தடம்தான் அந்தக் கடைசி 4.

இது வெறும் வேடிக்கை அல்ல. 1991 வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணிவந்தது. 0.1-ஐ 24 பிட்டில் வெட்டியதால் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய பிழை சேர்ந்தது. சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கிய பிறகு கடிகாரம் 0.34 விநாடி விலகியிருந்தது. பாய்ந்து வந்த ஏவுகணையைத் தவறான இடத்தில் தேடி, தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். பணக் கணக்கு எழுதும் நிரலில் தசமங்களை இப்படி வைக்கக் கூடாது, மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதே காரணத்தால்தான்.

குறை எண்ணை எப்படி எழுதுகிறார்கள்? கணினியில் கழித்தல் குறி இல்லையே?

பிட்டுகளை எல்லாம் தலைகீழாக மாற்றி, 1 கூட்டுவார்கள். 5 என்பது 00000101. தலைகீழாக்கினால் 11111010; ஒன்று கூட்டினால் 11111011. அதுதான் -5. இதையும் 5-ஐயும் கூட்டிப் பாருங்கள்: எட்டு பிட்டும் 0 ஆகி, ஒன்பதாவதாக ஒரு 1 வெளியே விழுந்துவிடும். கழிப்பதற்குத் தனிச் சுற்று வேண்டாம், கூட்டும் சுற்றே போதும். இந்த முறையின் அழகு அங்கேதான் இருக்கிறது.

எட்டு பிட்டில் இப்படி -128 முதல் 127 வரை அடங்கும். 32 பிட்டில் உச்சம் 2,147,483,647. பழைய கணினிகள் பல, 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை இந்த அளவுக்குள்தான் எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19 அன்று, உலக நேரப்படி 03:14:07க்கு அந்த எண் நிறைந்துவிடும். அடுத்த விநாடி குறை எண்ணாகப் புரண்டு, கடிகாரம் 1901ஆம் ஆண்டைக் காட்டும். 64 பிட்டுக்கு மாறிய அமைப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை.

எழுத்துகளும் எண்கள்தானா? தமிழ் எழுத்துக்கு எத்தனை பைட்?

எண்கள்தான். 1963இல் வந்த ஆஸ்கி தரம் 7 பிட் கொண்டது, 128 இடங்கள். ஆங்கிலத்துக்குப் போதும், மற்ற மொழிகளுக்குப் போதாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் 'அ'வின் எண் 2949. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் அந்தப் பகுதியின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. ஆக 15 பைட். தமிழில் நிரல் எழுதுபவர்கள் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 3-க்குப் பதில் 5 என்று வருவது இதனால்தான். தமிழ்க் குறுஞ்செய்தி 70 குறியீடுகளில் முடிந்துவிடுவதற்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரு குறுஞ்செய்திக்கு இடம் 140 பைட். ஆங்கிலம் 7 பிட்டில் அடங்குவதால் 160 எழுத்து கொள்ளும். குறுஞ்செய்தியில் யுடிஎஃப்-8 இல்லை; அங்கே தமிழுக்கு ஒவ்வொன்றுக்கும் 16 பிட் வேண்டும் என்பதால் 70தான்.

தகவலை ஏன் துண்டு துண்டாக அனுப்புகிறார்கள்?

பழைய தொலைபேசியில் இருவர் பேசும் வரை ஒரு பாதை முழுக்க அவர்களுக்கே ஒதுக்கப்பட்டது. இருவரும் மௌனமாக இருந்தாலும் அந்தப் பாதை வேறு யாருக்கும் கிடைக்காது. கணினிகளின் பேச்சில் மௌனம்தான் அதிகம். அதனால் தகவலைச் சிறு பாக்கெட்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரியை எழுதி, ஒரே கம்பியில் எல்லோருடைய பாக்கெட்டுகளையும் கலந்து அனுப்பலாம் என்று 1960களில் அமெரிக்காவில் பால் பேரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே யோசித்தார்கள். பாக்கெட் என்ற பெயர் டேவிஸ் வைத்தது. ஒரு பாதை அறுந்தால் மிச்சப் பாக்கெட்டுகள் வேறு பாதையில் போகலாம். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும்.

இந்த முறையில் அமைந்த, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று போனது. லாகின் என்ற சொல்லைத் தட்டினார்கள். முதல் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து முழுச் சொல்லும் போனது.

ஹப், சுவிட்ச், ரூட்டர் என்ன வேறுபாடு?

ஹப் ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளைகளிலும் கொட்டும். இப்போது வழக்கொழிந்துவிட்டது. சுவிட்ச், எந்தத் துளையில் எந்த மேக் முகவரி (கருவியோடு வரும் அடையாள எண்) இருக்கிறது என்று கவனித்துக் கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் அனுப்பும். ரூட்டர், ஒரு நெட்வொர்க்கை இன்னொன்றோடு இணைத்து, ஐபி முகவரியை, அதாவது கருவி எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று சொல்லும் எண்ணைப் பார்த்து வழி சொல்லும். வீடுகளில் இருக்கும் ரூட்டர் என்ற பெட்டிக்குள் ரூட்டர், சுவிட்ச், வைஃபை மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. குழப்பம் பெரும்பாலும் அந்தப் பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

மேக் முகவரி இருக்கும்போது ஐபி முகவரி எதற்கு?

மேக் முகவரி கருவியோடு பிறப்பது. 48 பிட். முதல் 24 பிட் தயாரிப்பாளரைக் குறிக்கும், மீதி அந்தக் கருவியை. கருவி எங்கே இருக்கிறது என்று அதில் ஒரு தடயமும் இல்லை. ஓர் ஆளின் பெயரை மட்டும் எழுதித் தபாலில் போட்டால் ஊழியர் எந்தப் பக்கம் நடப்பார்? ஐபி முகவரியின் முன்பகுதி நெட்வொர்க்கைச் சொல்கிறது, பின்பகுதி அதற்குள் இருக்கும் கருவியை. முன்பகுதியை வைத்தே தொலைவில் உள்ள ரூட்டர்கள் வழி காட்டிவிடும். கடைசி நெட்வொர்க்குக்குள் வந்த பிறகே மேக் முகவரி தேடப்படும்.

ஒரு சிறு பின்குறிப்பு. இன்றைய கைபேசிகள் பின்தொடரப்படுவதைத் தவிர்க்க வைஃபையில் தற்செயலான மேக் முகவரிகளைக் காட்டுகின்றன. அப்படிப்பட்டதை அடையாளம் காண, இடமிருந்து இரண்டாவது பதினறும இலக்கத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றானால் அது தொழிற்சாலையில் பதித்தது அல்ல. இந்த நான்குக்கும் பொதுவானது என்ன? 0010, 0110, 1010, 1110. கடைசி இரண்டு பிட் 10. அதில் உள்ள 1தான் இந்த அடையாளம். பதினறும எண்ணைப் பிட்டாகப் பிரிக்கத் தெரியாமல் இதை மனப்பாடம் செய்வது வீண் சுமை.

ஐபி முகவரியில் எந்த எண்ணும் 255-ஐத் தாண்டுவதில்லையே, ஏன்?

192.168.1.77 என்பது உண்மையில் நான்கு எண்கள் அல்ல. 32 பிட் கொண்ட ஒரே எண். நமக்கு வசதியாக எட்டு எட்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பதின்மத்தில் எழுதி, நடுவில் புள்ளி வைக்கிறோம். எட்டு பிட்டின் உச்சம் 255. அதனால் 192.168.1.300 என்ற முகவரி இருக்கவே முடியாது.

சப்நெட் மாஸ்க் என்றால் என்ன? எத்தனை முறை படித்தாலும் பிடிபடவில்லை.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இது. பதின்ம எண்ணாகவே பார்த்துக்கொண்டிருப்பதால்தான் பிடிபடுவதில்லை. பிட்டாக எழுதுங்கள்.

ஒரு கணினி எந்தப் பாக்கெட்டை அனுப்பும் முன்பும் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: பெறுநர் என் நெட்வொர்க்கில் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? உள்ளே என்றால் நேரடியாக அவருடைய மேக் முகவரியை விசாரித்து அனுப்பும். வெளியே என்றால் ரூட்டரிடம் ஒப்படைக்கும். முகவரியின் 32 பிட்டில் எத்தனை பிட் நெட்வொர்க்கின் பெயர், எத்தனை பிட் கருவியின் பெயர் என்று தெரியாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. அந்த எல்லைக் கோடுதான் மாஸ்க். நெட்வொர்க் பகுதிக்கு 1, கருவிப் பகுதிக்கு 0.

உங்கள் முகவரி 192.168.1.77, மாஸ்க் 255.255.255.192 என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று 255-ம் முழுக்க 1-கள், அங்கே சிந்திக்க ஒன்றுமில்லை. கடைசி எண்ணை மட்டும் பார்ப்போம்.

77 → 01001101
192 → 11000000

இரண்டிலும் 1 இருந்தால் மட்டும் 1 எழுதுங்கள். கிடைப்பது 01000000, அதாவது 64. உங்கள் நெட்வொர்க்கின் முகவரி 192.168.1.64. இப்போது 192.168.1.130-க்கு அனுப்ப வேண்டும். 130 என்பது 10000010. அதே மாஸ்க்கைப் போட்டால் 10000000, அதாவது 128. 64-ம் 128-ம் வேறு. ஆகவே அவர் வெளியாள். பாக்கெட் ரூட்டருக்குப் போகிறது. 192.168.1.100 என்றால்? 01100100, மாஸ்க் போட்டால் 64. உள்ளாள்.

மாஸ்க்கில் கருவிக்கு மீந்தது 6 பிட். 2-இன் ஆறாம் அடுக்கு 64. அவற்றில் எல்லாம் 0 ஆன 64 நெட்வொர்க்கின் பெயருக்குப் போய்விடும். எல்லாம் 1 ஆன 127 அனைவருக்குமான அறிவிப்புக்குப் போய்விடும். கருவிகளுக்கு 65 முதல் 126 வரை, 62 முகவரிகள். மாஸ்க்கில் மொத்தம் 26 ஒன்றுகள் இருப்பதால் இதையே சுருக்கி 192.168.1.64/26 என்று எழுதுகிறோம்.

மாஸ்க்கைத் தவறாகக் கொடுத்தால் நேரும் கோளாறு விசித்திரமானது. சில கருவிகள் கிடைக்கும், சில கிடைக்காது. பக்கத்து மேசையில் இருக்கும் அச்சுப்பொறி மட்டும் பதில் சொல்லாது, உலகம் முழுவதும் திறக்கும். அப்படி ஒரு நிலையைப் பார்த்தால் கம்பியைச் சந்தேகிக்கும் முன் மாஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

ஏ, பி, சி என்ற முகவரி வகுப்புகளைப் படிக்க வேண்டுமா?

நெட்வொர்க்கையும் கருவியையும் பிரிக்கும் கோட்டை 8, 16, 24ஆம் பிட்டுகளில் மட்டும் போட்ட பழைய முறை அது. தேர்வுக்கு என்றால் படியுங்கள். 1993இல் எங்கு வேண்டுமானாலும் கோடு போடலாம் என்ற வகுப்பில்லா முறை வந்ததோடு அவற்றின் நடைமுறைத் தேவை முடிந்துவிட்டது. 256 முகவரி போதாதவருக்கு 65,536 கொடுத்துப் பெரும்பகுதியை வீணாக்கிய முறை அது.

பல இடங்களில் ஒரே 192.168.1.1 இருக்கிறதே, மோதிக்கொள்ளாதா?

மோதாது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் உள் பயன்பாட்டுக்கென 1996ஆம் ஆண்டுத் தரப்படி ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் இவற்றுக்கு வழி கிடையாது. யாரும் தம் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளியே போகும் பாக்கெட்டில் ரூட்டர் தன் பொது முகவரியை எழுதி அனுப்பும். பதில் வரும்போது யார் கேட்டது என்று குறிப்பேட்டைப் பார்த்து உள்ளே கொடுக்கும். இந்த மாற்று வேலைக்கு நேட் என்று பெயர்.

ஐபிவி6 எதற்கு வந்தது?

32 பிட்டில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள்தான். உலக மக்கள் தொகையைவிடவே குறைவு. 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் மண்டலப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு முடிந்தன. ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6 128 பிட் கொண்டது. ஒவ்வொரு பிட் சேரும்போதும் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. ஆகவே இது நான்கு மடங்கு பெருக்கம் அல்ல, 96 முறை இரட்டிப்பு. வரும் எண்ணை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். பதின்மத்தில் எழுதினால் கண் தாங்காது என்பதால் பதினறும எண்ணில், நான்கு நான்கு இலக்கமாக எட்டுக் குழுக்கள்.

போர்ட் எண் என்பது?

ஒரே கணினியில் பிரவுசர், மின்னஞ்சல், விளையாட்டு எல்லாம் ஓடும்போது வந்த பாக்கெட் யாருக்கு என்று சொல்லும் எண். 16 பிட் என்பதால் 0 முதல் 65,535 வரை. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, பாதுகாப்பற்றவற்றுக்கு 80, பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கு 53.

டிசிபி, யுடிபி எது நல்லது?

இரண்டும் பாக்கெட்டுகளை அனுப்பும் முறைகள். எது நல்லது என்பது வேலையைப் பொறுத்தது. டிசிபி முதலில் மூன்று செய்திகளில் கை குலுக்கி, ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் கொடுத்து, வந்து சேராததை மீண்டும் அனுப்பும். கோப்புக்கும் மின்னஞ்சலுக்கும் அதுதான் சரி. நேரலைப் பேச்சில் அரை விநாடிக்கு முன் தொலைந்த ஓசை இப்போது திரும்பி வந்து பயனில்லை, அங்கே யுடிபி. அது அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும்.

டிஎன்எஸ் பற்றிச் சுருக்கமாக?

பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைத் தரும் பட்டியல். ஆரம்பத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தன. அதை எல்லோரும் நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் இந்தப் பட்டியலைப் பலரிடம் பகிர்ந்து கொடுக்கும் முறையை வடிவமைத்தார். இப்போது எந்தக் கணினியிடமும் முழுப் பட்டியல் இல்லை. அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் ஒவ்வொன்றுக்கும் தெரியும்.

வேகமான இணைப்பு வாங்கியும் விளையாட்டில் தாமதம் இருக்கிறதே?

அகலமும் தாமதமும் வேறு வேறு. நொடிக்கு எத்தனை பிட் என்பது சாலையின் அகலம். ஒரு வண்டி போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பது தாமதம். சாலையை எத்தனை தடமாக அகலப்படுத்தினாலும் ஊர் பக்கத்தில் வந்துவிடாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 10,000 கிலோமீட்டர் தொலைவில் சர்வர் இருந்தால் போய்வர குறைந்தது 100 மில்லி விநாடி. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள் வழியென்றால் கேள்வி போய்ப் பதில் வரக் கிட்டத்தட்ட அரை விநாடி. எந்தத் திட்டம் வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. சர்வரை அருகே கொண்டுவருவதுதான் வழி.

இணையம் வேலை செய்யவில்லை என்றால் எங்கிருந்து தேடுவது?

உள்ளிருந்து வெளியே போங்கள். முதலில் 127.0.0.1-க்குப் பிங் (ஒரு முகவரி பதில் தருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுங்கள். அது உங்கள் கணினியே தன்னை அழைப்பது. பதில் வரவில்லை என்றால் கோளாறு கணினிக்குள். வந்தால், உங்கள் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையிடமிருந்து பதில் கிடைக்காமல் கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கம்பியையோ வைஃபையையோ ரூட்டரையோ பாருங்கள். முகவரி சரியாக இருந்தால் ரூட்டருக்குப் பிங் கொடுங்கள். அதுவும் சரியென்றால் 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு. அங்கிருந்து பதில் வந்து, பெயர் தட்டினால் மட்டும் பக்கம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் அமைப்பை மாற்றிப் பாருங்கள். பிங்குக்கு வேண்டுமென்றே பதில் தராத சர்வர்களும் உண்டு. ஒரு முகவரி மௌனமாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல் இன்னொன்றையும் சோதியுங்கள்.